டெக் டிக்கெட்

2020ஆம் ஆண்டில், மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையே, மரினா பே கப்பல் முனையத்தில் மூன்று விதமான மனிதர்கள் ஏறி இறங்கினார்கள். மார்ச் 10ஆம் தேதி கோஸ்டா ஃபார்ச்சூனா வந்து நின்றது. ஃபுக்கெட்டும் பினாங்கும் ஆளை இறக்க விடாமல் திருப்பி அனுப்பிய கப்பல் அது. ஏறத்தாழ 2,000 பயணிகள். சிங்கப்பூர் அவர்களை இறங்க விட்டது. மூன்று நாள் கழித்து, மார்ச் 13 அன்று, இனி உல்லாசக் கப்பல் எதுவும் இங்கே வர வேண்டாம் என்று அறிவித்துக் கதவைச் சாத்தியது.

கொஞ்ச நாளில் அதே முனையத்தில் சூப்பர்ஸ்டார் ஜெமினியும் சூப்பர்ஸ்டார் அக்குவாரியசும் கட்டப்பட்டு நின்றன. அவற்றில் ஏறியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். தங்குவிடுதிகளில் கொவிட் வந்து குணமான வெளிநாட்டு ஊழியர்கள். இரண்டு கப்பலிலும் சேர்த்து 2,000 பேர் வரை தங்க வைக்க ஏற்பாடு. கப்பல் நகரவில்லை, அவர்களும் இறங்கவில்லை. நவம்பர் 6ஆம் தேதி வேர்ல்ட் ட்ரீம் அங்கிருந்து புறப்பட்டது. எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம். அதில் இருந்தவர்கள் வீட்டில் அடைந்து கிடந்து அலுத்துப்போன சிங்கப்பூர்க் குடும்பங்கள்.

கிருமி ஒன்றுதான். அந்த மூன்று கூட்டத்துக்கும் விதி மட்டும் வேறு வேறாக இருந்தது. நான் ஓய்வுபெற்ற தாதி. ஒரு சுகாதார விதியைப் படித்தால் அதில் மருத்துவம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இந்த மற்றதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சில வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது எங்கள் குடும்பத்தில் 2020இல் தொடங்கிய விஷயமும் அல்ல.

என் அப்பா 1949இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறினார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1926இல் கடலில் இறக்கிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் எழுபது வயதைத் தாண்டிய தமிழர் யாரிடமாவது ரஜூலா என்று சொல்லிப் பாருங்கள், மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவார்கள். மேலே கொஞ்சம் பேருக்குக் கேபின். மற்ற எல்லோருக்கும் டெக். பாய் விரித்த இடம்தான் வீடு. பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குக் கடலைப் பார்த்தபடி வர வேண்டும்.

சிங்கப்பூரை நெருங்கியதும் கப்பல் நேராகக் கரைக்கு வந்துவிடாது. வெளியே நங்கூரம் போட்டு மஞ்சள் கொடி ஏற்றும். துறைமுக மருத்துவர் படகில் வந்து பார்த்து அனுமதி கொடுத்தால்தான் உள்ளே வரலாம். அப்பா வந்த கப்பலில் யாருக்கோ பெரியம்மை என்று சந்தேகம். டெக் பயணிகளை அப்படியே செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று அந்தத் தீவுக்கு மரினா சவுத் படகுத்துறையிலிருந்து படகு போகிறது. கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறை. வார இறுதியில் தூண்டில்காரர்களும் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் போகிறார்கள். 1873இல் நகரில் காலரா பரவிய பிறகு, 1874இல் அங்கே நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைத்தார்கள். 1930களில் அது உலகத்தின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. சீனத் துறைமுகங்களிலிருந்தும் நம் பக்கமிருந்தும் வந்த கூலியாட்கள், மக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள் எல்லோரும் அதன் வழியாகத்தான் இந்த ஊருக்குள் வந்தார்கள். பினாங்குக்கு ஜெரெஜாக் தீவு எப்படியோ, சிங்கப்பூருக்கு இது அப்படி.

அங்கே நடந்ததை அப்பா குறையாகச் சொன்னதே இல்லை. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் குளிக்க வேண்டும். உடுத்தியிருந்த துணி, பெட்டியில் இருந்த துணி எல்லாம் நீராவிக்குப் போகும். அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த அறிமுகக் கடிதத்தை எடுக்க மறந்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் ஊர்ப் பள்ளி வாத்தியார் எழுதிக் கொடுத்த கடிதம். சட்டையோடு ஆவியில் வெந்து, மை கலங்கி, திரும்பி வந்தபோது ஒரு நீலக் கறையாக இருந்தது. தீவை விட்டுக் கரைக்கு வந்து, அந்தக் காகிதத்தையே கடைக்காரர் முன்னால் நீட்டியிருக்கிறார். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து போனா என்ன, ஊர்ப்பேரு தெரியுதுல்ல, உள்ள வா" என்றாராம். அப்பா அந்தக் கடையில் வேலைக்கு இருந்து, பிறகு துறைமுகத்துக்குப் போனார்.

அப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வரி உண்டு. "கேபின்காரங்க அன்னைக்கே கரைக்குப் போயிட்டாங்க." பொதுவாக அந்தக் காலத்து வழக்கம் அதுதான். மேல் வகுப்புப் பயணி தங்கப்போகும் முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். உடம்புக்கு ஏதாவது வந்தால் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவே. டெக்கில் வந்தவரின் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை, அவருக்குத் தீவு. ஒரே கப்பலில், ஒரே காற்றை, ஒரே வாரம் சுவாசித்தவர்கள். நெருக்கமாகப் படுத்திருந்தவர்களுக்குள் அம்மை வேகமாகப் பரவும் என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். அவர்களை அவ்வளவு நெருக்கமாகப் படுக்க வைத்தது யார் என்ற கேள்வி அந்த விதியில் இல்லை.

அறுபதுகளின் நடுவில் அம்மாவோடு நாகப்பட்டினம் போய்வந்தது எனக்கே நினைவிருக்கிறது. புறப்படுவதற்கு முன் அம்மை குத்த வேண்டும், காலரா ஊசி போட வேண்டும், இரண்டையும் மஞ்சள் புத்தகத்தில் பதிய வேண்டும். அம்மை குத்துவது இன்றைய ஊசி போல அல்ல. மருந்தைத் தோலில் வைத்துக் கீறுவார்கள். நாலைந்து நாளில் கொப்புளம் எழும், நீர் கோத்துச் சீழ் வைக்கும், பிறகு பொருக்கு விழுந்து தழும்பு நிற்கும். என் இடது கையில் இப்போதும் இருக்கிறது, ஓரம் நெளிந்த ஒரு சின்ன வட்டம். திரும்பி வரும்போது சிங்கப்பூருக்கு வெளியே கப்பல் நின்றதும் டெக்கில் இருந்த நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்தபடி. அம்மா என் தழும்பை வரிசை நெடுகத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டே வந்தார், மருத்துவர் கண்ணில் படாமல் போய்விடக்கூடாது என்று. மேல் தளத்தில் சாப்பாட்டு மேசைகளில் காலைக் காப்பி நடந்துகொண்டிருந்தது. அங்கே வரிசை இல்லை.

1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அந்தத் தடுப்பூசியும் நின்றது. ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது, 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தபின் அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. எல்லோரும் விமானத்துக்கு மாறினோம். கப்பல் என்றால் பிழைக்கப் போவது என்று இருந்தது போய், உல்லாசம் என்று ஆயிற்று. டெக் டிக்கெட், மஞ்சள் கொடி, தீவு எல்லாம் எங்கள் தலைமுறையோடு முடிந்த கதை என்றே நினைத்தேன்.

2020 பிப்ரவரியில் யோகொஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் நின்றபோது அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள், மருத்துவமாக அது சரி. அவர்களுக்கு அறைவாசல்வரை சாப்பாடு கொண்டுபோனது யார்? கப்பல் ஊழியர்கள். அவர்களுக்குத் தனி அறை இல்லை, சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், சேர்ந்துதான் தூங்கினார்கள். கப்பலில் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் அந்த ஊழியர்கள்தான், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் கைபேசியில் பேசி அனுப்பிய காணொளிகள் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றின. ஒரு கப்பலுக்குள் இரண்டு விதி எப்படி நடக்கும் என்பதை அந்தக் காணொளிகளில் பார்த்தேன்.

இங்கே ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் எஸ்11, தோ குவானில் வெஸ்ட்லைட் என இரண்டு தங்குவிடுதிகளைத் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவித்தார்கள். இரண்டு நாளில் ஊர் முழுக்க சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கநிலை. முஸ்தஃபா சென்டர் அங்காடி அதற்கு முன்பே அடைத்துவிட்டது. சிராங்கூன் ரோட்டில் பூக்கடை, சாப்பாட்டுக் கடை, தொலைபேசிக் கடை எல்லாம் வெறிச்சோடின. ஞாயிற்றுக்கிழமைகளில் லெம்பு ரோட்டுத் திடலில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பேர், ஏறத்தாழ 3,23,000 ஊழியர்கள் வசித்த தங்குவிடுதிகளுக்குள் முடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. இறந்தவர்கள் மிக மிகக் குறைவு. பெரும்பாலோர் இளைஞர்கள், சிகிச்சையும் இலவசமாகக் கிடைத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன்.

அந்த மாதங்களில் மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இடையே தொலைபேசியில் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. காய்ச்சல் எப்போதிலிருந்து, மூச்சு வாங்குதா, சாப்பிட முடியுதா என்று கேட்டுச் சொல்லும் வேலை. அப்படிப் பழக்கமானவர்தான் பேராவூரணிப் பக்கத்துத் தம்பி. சாரம் கட்டும் வேலை. குணமான பிறகும் அவர் அழைப்பதை நிறுத்தவில்லை. மே மாதம் ஒரு நாள் மாலை காணொளி அழைப்பு.

"அம்மா, நான் இப்ப எங்க இருக்கேன் சொல்லுங்க?"

கைபேசியைத் திருப்பினார். சன்னல், அதற்கு வெளியே கடல். உல்லாசக் கப்பலுக்கு மாற்றியிருக்கிறார்கள். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், படுக்கை விளக்கு, குளியலறைக் கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஷவர் குழாயைத் திறந்து மூடியும் காட்டினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. மூணு வருசத்துல இப்பதான் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. பன்னிரண்டு பதினாறு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் அறையிலிருந்து வந்தவருக்கு, நோய் வந்து குணமான பிறகுதான் ஒரு கதவு கிடைத்திருக்கிறது. ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று புதிய தங்குவிடுதிகளுக்கு விதி எழுதியது 2021 செப்டம்பரில். அந்த விதி 2019இல் இருந்திருந்தால் கப்பலே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். மருத்துவமனையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று முதல் ஆண்டுத் தாதி மாணவிக்கும் தெரியும்.

சாப்பாடு அறைக்கே வந்தது. வெளியே காற்று வாங்க நேரக்கணக்கு இருந்தது. நீச்சல் குளம், விளையாட்டுத் தளம் எல்லாம் மூடியிருந்தன. அவர் அவற்றைக் கேட்கவும் இல்லை. ஊரில் மட்டும் ஒரு சிக்கல். மகன் கப்பலில் இருக்கிறான் என்று அவர் அம்மா சொல்ல, தெருவில் சிலர், "உங்க பையனுக்கு என்ன, ஜாலியா கப்பல்ல சுத்துறான்" என்றிருக்கிறார்கள். "கப்பல் நகரவே இல்லம்மான்னு எத்தனை தடவை சொன்னாலும் எங்கம்மாவுக்குப் புரியல" என்றார் தம்பி.

அக்டோபர் 8ஆம் தேதி சுற்றுலாக் கழகம் உல்லாசக் கப்பல்கள் மீண்டும் புறப்படும் என்று அறிவித்தது. விதிகள் கண்டிப்பானவை. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும். கப்பல் கொள்ளளவில் பாதிப் பேர்தான். வேறு துறைமுகத்தில் நிற்கக்கூடாது. ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் பரிசோதனை. கப்பலின் நோய்த்தடுப்பு ஏற்பாட்டுக்கு வெளியாள் தணிக்கை செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் யோசித்து எழுதியது. உலகத்தின் பல நாடுகளில் கப்பல்கள் கட்டிப் போட்டுக் கிடந்த நேரத்தில் இங்கே பாதுகாப்பாக ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச் 14இல் வந்த தடை உத்தரவு அக்டோபர் 30இல்தான் நிபந்தனையோடு தளர்ந்தது, அதற்குப் பிறகும் பல மாதம் அங்கே பயணிகள் ஏறவில்லை. சிட்னியில் அந்த மார்ச்சில் ரூபி பிரின்சஸிலிருந்து 2,600க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் இறக்கிவிட்டு, பிறகு 28 உயிர்கள் போயின. சிங்கப்பூரின் எச்சரிக்கையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

டிசம்பர் 9ஆம் தேதி குவாண்டம் ஆஃப் தி சீஸில் 83 வயதுப் பெரியவர் ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்தது. 1,680 பயணிகளோடு கப்பல் திரும்பியது. எல்லோரும் அறைக்குள். கரையில் மீண்டும் மீண்டும் பரிசோதித்ததில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. அறைக்குள் பல மணி நேரம் காத்திருந்த பயணிகளைப் பற்றி மறுநாள் எல்லா நாளிதழ்களும் எழுதின. சாப்பாடு எத்தனை மணிக்கு வந்தது, பிள்ளைகள் எப்படிப் பொழுதைப் போக்கினார்கள் என்று விவரம் விவரமாக. எழுத வேண்டியதுதான். ஆனால் அதே வாரம் தங்குவிடுதிகளில் இருந்தவர்கள் எட்டு மாதமாகக் காத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும் என்றால் அவர்களும் இங்கேதான் வசித்தார்கள். வேலைக்குப் போகலாம், முறை வரும் நாளில் பொழுதுபோக்கு நிலையத்துக்குப் போகலாம். தேக்காவுக்கு வந்து ஒரு டீ குடிக்க முடியாது.

2021 தொடக்கத்தில் மகள் வற்புறுத்தி எங்களையும் அப்படி ஒரு பயணத்துக்கு அழைத்துப் போனாள். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை, முடிவு வந்த குறுஞ்செய்தி, தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் கருவி, அதுபோக யார் யார் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று பதிய மணிக்கட்டில் ஒரு பட்டை. பேரப்பிள்ளைகள் அதைக் கைக்கடிகாரம் என்று பெருமையாகக் கட்டிக்கொண்டார்கள். பஃபேயில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊழியர் பரிமாறினார். ஒரு மேசைக்கு எட்டுப் பேர். நான் எல்லா விதிகளையும் மனமாரக் கடைப்பிடித்தேன், மற்றவர்களையும் கடைப்பிடிக்கச் சொன்னேன். முகக்கவசம் தாடைக்கு இறங்கியவரைக் கண்டால் சும்மா இருக்க என் தொழில் என்னை விடாது.

கப்பல் முனையத்தை விட்டு விலகித் தெற்கே திரும்பியபோது பால்கனியிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவு தெரிந்தது. மரங்களும் ஒரு படகுத்துறையும். பேத்தியிடம், "உன் கொள்ளுத் தாத்தா அங்கதான் முதல்ல இறங்கினார்" என்றேன். "எதுக்குப் பாட்டி, பிக்னிக்கா?" என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். ஆவியில் வெந்த கடிதம்வரை. கேட்டுவிட்டு அவள், "அப்ப நாம இருக்கிற மாதிரி ரூம்ல இருந்தா அவர் போயிருக்க வேண்டாமா?" என்றாள். ஒன்பது வயது.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் தூத்துக்குடிக்காரர். கதவுக்கு வெளியே, கைக்கெட்டாத தூரத்தில் நின்றுதான் பேசுவார், அதுவும் விதி. ஊரில் தனிமை, சிங்கப்பூர் வந்து தனிமை, அதன் பிறகு அடிக்கடி பரிசோதனை. கப்பல் ஒவ்வொரு முறை முனையத்துக்கு வரும்போதும் நாங்கள் இறங்குவோம், புதியவர்கள் ஏறுவார்கள், அவர் இறங்கக்கூடாது. "கரையில முஸ்தஃபா இருக்குன்னு தெரியும்மா. போன் பண்ணினா பொருள் கொண்டாந்து தர ஆள் இருக்காங்க. மண்ணுல கால் வச்சுத்தான் ரொம்ப நாளாச்சு" என்றார். மகளுக்குக் கொலுசு வாங்கி அனுப்ப வேண்டும், டிசைனைத் தானே பார்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பயணிகளுக்கான விதி மாதத்துக்கு ஒரு முறை மாறியது. அவருக்கான விதி மாறுகிறதா என்று பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆண்டு முழுவதும் எண்கள்தான். ஒன்றாகக் கூடலாம் என்றிருந்த எட்டுப் பேர் மே 8இல் ஐந்தாயிற்று, மே 16இல் இரண்டாயிற்று. ஜூலையில் வேர்ல்ட் ட்ரீமில் ஒரு பயணிக்குத் தொற்று வந்து கப்பல் முன்கூட்டியே திரும்பியது. தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்று பிரிவு வந்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். எது இன்றைய விதி என்று தெரிந்துகொள்ள நான் காலையில் தமிழ் முரசைப் பிரித்துத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் செய்தியைப் படிப்பேன். 2022 நடுவில் கப்பல்கள் மீண்டும் வெளியூர்த் துறைமுகங்களுக்குப் போயின. ஆகஸ்ட் 29இல் பெரும்பாலான உள்ளிடங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை என்றானது. 2023 பிப்ரவரி 13இல் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை பச்சைக்கு இறங்கி, டிரேஸ்டுகெதரும் ஓய்ந்தது.

தம்பியின் நாள்காட்டி வேறு. 2021 செப்டம்பரில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்ட ஊழியர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குப் போய்வரலாம். புறப்படுமுன் பரிசோதனை. பேருந்தில் போய், சில மணி நேரத்தில் திரும்ப வேண்டும். முதல் நாள் வந்தவர்கள் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிடுவதை நான் சிராங்கூன் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தேன். நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகர மனமில்லாமல் நின்றார்கள். அங்கே பூக்காரம்மா ஒருவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. மூன்று லட்சம் பேருக்கு வாரத்துக்கு 500 என்றால் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டேன், மனது கேட்கவில்லை. பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2022 ஜூன் 24 முதல் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் போக மட்டும் தனிச் சீட்டு. அந்த வாரத்தில்தான் கப்பல் பயணிகள் பினாங்குக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேக்காவுக்கு வர ஒருவருக்குச் சீட்டு, பினாங்குக்குப் போக இன்னொருவருக்குச் சீட்டு. ஊழியர்களின் சீட்டும் பின்னால் போயிற்று.

கூட்டமாக வசிப்பவர்களிடம் நோய் வேகமாகப் பரவும், அதனால் அவர்களுக்குக் கட்டுப்பாடு நீளும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தாதியாக அந்த வாதம் எனக்குப் புரிகிறது. 1949இல் டெக்கைப் பற்றிச் சொன்னதும் இதேதான். 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது, தடுப்பூசியும் பெரும்பாலோர் போட்டாயிற்று, வேலைத்தளத்தில் தினம் மற்றவர்களோடு கலந்தார்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மாலையை மட்டும் தடுத்து வைக்க என்ன மருத்துவக் காரணம் இருந்தது? பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன், என்னோடு வேலை பார்த்த மருத்துவர்களிடமும் கேட்டேன். யாரும் எனக்கு ஒரு காரணத்தை எடுத்து வைக்கவில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் தொற்றுநோய்களுக்கென்றே இங்கே தனி அரசு அமைப்பு வந்திருக்கிறது. நல்ல காரியம். அவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த தொற்றில் தளர்வு அறிவிக்கும்போது, உல்லாசக் கப்பலுக்கு எந்தத் தேதி என்று எழுதும் அதே தாளில், அடுத்த வரியில், தங்குவிடுதிக்கு எந்தத் தேதி, கப்பல் ஊழியருக்கு எந்தத் தேதி என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து மாத இடைவெளி வந்தால், காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் பல இடைவெளிகள் தானாகச் சுருங்கிவிடும் என்று நம்புகிறேன்.

போன மாதம் நாங்கள் மீண்டும் ஒரு கப்பலில் போனோம். உடம்புக்கு எப்படி, வாந்தி பேதி உண்டா என்று ஒரு படிவம், பஃபே வாசலில் கை கழுவும் தொட்டி, அவ்வளவுதான் சுகாதார விதி. திரும்பி வந்த ஞாயிறு தம்பியைப் பஃபலோ ரோட்டில் சந்தித்தேன். இப்போது மேற்பார்வையாளராகிவிட்டார், கல்யாணமும் ஆகிவிட்டது. என் கைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மேல் தளத்துப் படம் வந்ததும் நிறுத்திப் பெரிதாக்கினார்.

"இந்த இடத்துக்கு எல்லா டிக்கெட்டுக்கும் விடுவாங்களாம்மா? இல்ல அதுக்குத் தனியா?"

"எல்லாருக்கும் உண்டுப்பா. சன்னல் இல்லாத அறை எடுத்தாலும் மேல போகலாம்."

"அம்மாவையும் வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போகணும். கப்பல் நகருதுன்னு அம்மா கண்ணால பாக்கணும்."

கட்டணம் சொன்னேன். தலைக்கு எவ்வளவு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையைத் தவிர்த்தால் எவ்வளவு குறையும் என்று அவரே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விசா வேண்டும், அதற்கு இங்கே இருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ ஒருவர் அறிமுகக் கடிதம் கொடுக்க வேண்டும், கப்பலில் போய்த் திரும்பி வருவதால் ஒரு முறைக்கு மேல் நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்று யோசித்தார்.

"நான் கையெழுத்துப் போடுறேன்பா. அம்மா பாஸ்போர்ட்டை முதல்ல எடுக்கச் சொல்லு."

பேராவூரணியில் விண்ணப்பம் போட்டாயிற்று. போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்து போயிருக்கிறார்.